கிணறு கொதித்த நாள்

அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் சொல்லப்போகும் வீட்டில் அது ஒரு நாள் காலை பத்து மணிக்கு நடந்தது.

பார்த்தவள் தையல்காரரின் மனைவி. வயிற்றில் ஏழு மாதம். துணி அலச வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போனவள், எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கீழே தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கி உடைந்துகொண்டிருந்தது. பயந்து பயந்து ஒரு வாளி இழுத்துக் கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எங்க கிணறு உலை மாதிரி கொதிக்குது. ஆனா தண்ணி பச்சைத் தண்ணியா சில்லுனு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

மறுமுனையில் காதைக் கிழிக்கும் இரைச்சல். அண்ணனின் தொழில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவது.

"அட, அது ஒண்ணுமில்லடி! நான் இங்கதான், உரக் கிடங்குக்குப் பின்னாடி போர் போட்டுட்டிருக்கேன். கம்ப்ரஸர் காத்து பாறை வெடிப்பு வழியா உன் கிணத்துல வந்து மூச்சு விடுது. உன் அண்ணன் விட்ட மூச்சு. இதுக்கா பயந்த?"

"மூச்சு விடறதுக்கு வேற இடம் கிடைக்கலையா உனக்கு?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

அண்ணனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைராசி என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் குறி வைத்துக் கொடுத்த இடத்தில் தண்ணீர் வராமல் போனதே இல்லை. குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவான், சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போடுவான், அவ்வளவுதான். வேறு வண்டிக்காரர்கள் விலையைக் குறைத்துக் கேட்டாலும் ஜனங்கள் இவனுக்காக ஒரு மாதம் காத்திருப்பார்கள். பேருக்கு ஏற்ற மனுஷன் என்று நாலு பேர் சொல்வது அவனுக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு வேளை கிடைக்காவிட்டால் முகம் வாடிவிடும்.

அன்றைக்கு முந்நூறு அடியில் வெறும் தூசி வந்தது. முந்நூற்றைம்பதிலும் தூசி. நானூறு அடியில் வண்டியே வெள்ளைப் பிசாசு மாதிரி நின்றது. வேலையாட்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எழுபது அடியில் குறுக்கே ஒரு பெரிய வெடிப்பு அகப்பட்டதுதான். அதிலும் அந்தக் கோடையில் ஈரம் இல்லை. காற்று மட்டும் அதற்குள் புகுந்து எங்கோ ஓடியது. எங்கே ஓடியது என்று நமக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அந்தத் தொழிலில் எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் வராத குழியைத் தோண்டியவனே அன்று சாயங்காலத்துக்குள் மூட வேண்டும். ஜல்லி, களிமண், மேலே சிமெண்ட் மூடி. கைராசி களிமண்ணுக்கு ஆள் அனுப்பப் போனபோது கிடங்கு முதலாளி தடுத்தார்.

"எதுக்குங்க மூடறீங்க? மூடினா கைராசி போட்ட போர் புட்டுக்கிச்சுன்னு நாளைக்கே ஊரெல்லாம் பேசும். நான் தண்ணி வந்துடுச்சுன்னே சொல்லிக்கிறேன். குழியை அப்படியே விட்டுட்டுப் போங்க."

"விட்டு?"

"கிடங்குத் தரையைக் கழுவுற தண்ணி தெருவுல ஓடுதுன்னு தினம் ஒருத்தன் வந்து வாசல்ல நிக்கிறான். அது இதுக்குள்ள போகட்டுமே. உங்க பேரும் நிக்கும், என் தலைவலியும் தீரும்."

கைராசி அப்போது கிணற்றுக் குமிழியை நினைக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். நினைத்தான். நினைத்துவிட்டு, நானூறு அடிக்குக் கீழே போவது யார் வீட்டுக்கு வரப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஊற்றிய இடத்திலேயே தண்ணீர் இருக்காது என்பதை வைத்துத்தான் அத்தனை வருடமும் அவன் பிழைத்தான். வேலையாட்களிடம் "களிமண் வேணாம்" என்றான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கடவுள் நினைத்திருந்தால் மழையை நேராக நம் குடத்திலேயே ஊற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. புல்லுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே மணல், அதற்குக் கீழே சரளை, பாறை என்று சல்லடைக்குக் கீழே சல்லடை வைத்தார். ஒவ்வொரு சொட்டும் வருடக்கணக்கில் நடந்து, அழுக்கை எல்லாம் வழியில் விட்டுவிட்டுக் கிணற்றுக்கு வந்து சேரும்படி செய்தார். அந்த வேலைக்கு மேற்பார்வை வேண்டாம், கூலி வேண்டாம். அத்தனையையும் வீணாக்க ஆறரை அங்குல ஓட்டை ஒன்று போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குப் பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போனபோது பாலும் போயிருந்தது. டப்பாப் பால் மாவு கொடுக்கச் சொன்னார்கள். அவள் சுத்தக்காரி. புட்டியைக் கொதிக்க வைப்பாள், மூடியைக் கொதிக்க வைப்பாள், பால் கலக்கும் தண்ணீரை இருபது நிமிடம் தளதளவென்று காய்ச்சி ஆற வைப்பாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் தித்திப்புக்குப் பேர் போனது. வேறு தண்ணீர் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

அந்தச் சமயம் மழை பிடித்துக்கொண்டது. உரம் விற்கும் பருவம் வேறு. கிடங்கில் மூட்டை கிழிந்து சிந்தியதை எல்லாம் தினமும் இரண்டு வேளை கழுவிக் குழாய் வழியாக அந்தக் குழிக்குள் விட்டார்கள். தெரு சுத்தமாக இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆறாவது வாரம் கைராசி மருமகளைப் பார்க்க ஒரு கிலுகிலுப்பையோடு வந்தான். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே வரவேற்றார்.

"வாங்க மச்சான்! ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுறவரு நம்ம வீட்டுக்கும் வழி தெரிஞ்சு வந்துட்டாரே!"

"வழியை விடுங்க. குழந்தைக்கு எத்தனை சட்டை தெச்சீங்க? உங்க மீதித் துணியெல்லாம் அதுங்கிட்டதான் போகுதாமே?"

சிரித்துக்கொண்டே தொட்டிலுக்குள் விரலை நீட்டினான். குழந்தை அந்த விரலைப் பிடிக்கவில்லை. அதன் உதடு மை தொட்டது போல இருந்தது. நகங்களும் அதே நிறம். முகம் சாம்பல் பூத்திருந்தது. அழவும் இல்லை, தூங்கவும் இல்லை. கண்ணை அரையாகத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் அவசரமாக வாங்கியது.

"இது எத்தனை நாளா இப்படி?"

"நாலு நாளா அண்ணே," என்று தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். "குளுருதுன்னு நெனச்சுக் குல்லா போட்டோம். அப்புறம் தண்ணிதான் சேரலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதனால இப்ப முக்கால் மணி நேரம் காய்ச்சறேன். ஒரு பாத்திரம் வெச்சா பாதியா சுண்டணும், அப்பத்தான் இறக்குவேன்."

அவன் அடுப்படிக்குப் போனான். பாத்திரத்தின் உள்விளிம்பில் உப்புப் போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அங்கிருந்து கிணற்றடிக்குப் போனான். அடியில் போட்ட காசு தெரியும் கிணறு அது. இப்போது சுவர்க் கல்லெல்லாம் பச்சைப் பசேலென்று பாசி. தண்ணீரின் மேலும் பச்சையாக ஒரு ஏடு. உரம் போட்ட வயலுக்குத்தான் அப்படி ஒரு பச்சை வரும்.

"இந்தப் பாசி?"

"ரெண்டு மாசமா இருக்கு. மழைக்கு வந்திருக்கும், விடு."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இது கிருமி இல்லையே, கண்ணுகளா. உரத்தின் உப்பு அது. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அங்கேயே நிற்கும். காய்ச்சக் காய்ச்ச அது கெட்டிப்பட்டது. அம்மா எவ்வளவுக்கு எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாளோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்தப் பால் கொடியதாக ஆகிக்கொண்டு வந்தது.

கைராசிக்கு உப்புக் கணக்கெல்லாம் தெரியாது. அந்தக் குழியும் இந்தக் கிணறும் ஒரே மூச்சு விட்டவை என்பது மட்டும் தெரியும். அவன் உள்ளே திரும்பியபோது தங்கை குழந்தையை மடியில் போட்டுப் புட்டியை வாயில் வைக்கப் போனாள்.

"கொடுக்காத!"

அவன் போட்ட சத்தத்தில் தையல் இயந்திரம் நின்றது.

"என்ன அண்ணே? பசியில இருக்குது."

"வேணாம். வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே."

"என்னன்னு சொல்லேன்!"

"போகும்போது சொல்றேன்."

சொல்லவில்லை. வண்டியில் மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தான். பாலம் தாண்டியது. கடைத்தெரு முனையில் சொல்லலாம் என்று நினைத்தான். அங்கே லாரி ஒன்று குறுக்கே நின்றது. ஒலிப்பானை விடாமல் அழுத்தினான், வாயைத் திறக்கவில்லை. டாக்டர் படித்தவர், அவரே கண்டுபிடித்துவிடுவார், நாம் சொல்லித்தானா தெரியப்போகிறது என்று அதற்குள் ஒரு யோசனை அவனுக்கு வந்திருந்தது.

"மச்சான், மூச்சு ரொம்ப மேல மேல வாங்குது," என்றார் தையல்காரர். துணி அளக்கும் நாடா இன்னும் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ்கள். குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், கால் விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டும் பெட்டி அது, நூறை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தைந்து என்று சிவப்பாக எரிந்தது.

பத்து நிமிடம் போனது. எண்பத்தைந்து.

"ஆக்சிஜன் முழுசா போயிட்டிருக்கு, ஒரு புள்ளி ஏறலையே," என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். "இதயத்துல ஏதாவது கோளாறா இருக்கலாம். இங்க வசதி இல்ல. பெரிய ஊருக்குத்தான் கொண்டு போகணும். நாலு மணி நேரம். சிஸ்டர், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்.

"தாய்ப்பாலா?"

"இல்லைங்க, டப்பாப் பால்."

"எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"எங்க கிணத்துத் தண்ணிதாங்க. ஆனா சும்மா இல்ல, பாதியா சுண்டக் காய்ச்சித்தான் கொடுக்கறேன்."

டாக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. "கிணறா? பக்கத்துல மாட்டுக் கொட்டகை, சாக்கடை, உரம், அப்படி ஏதாவது இருக்கா?"

கைராசி தரையைப் பார்த்தான்.

தையல்காரர்தான் பதில் சொன்னார். "உரக் கிடங்கு ஒண்ணு இருக்குங்க, எட்டத்துல. அங்க மூட்டை அடுக்கறதோட சரி. முன்னயாவது தெருவுல கழுவி விடுவாங்க. இப்ப நாலு மாசமா ஒரு சொட்டு வெளிய வர்றதில்லைங்க."

"அப்ப சரி," என்று டாக்டர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக நகர்ந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. தையல்காரர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த மனுஷன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். பார்க்க முடியாமல் செய்தவன் அங்கேயே நின்றான். நர்ஸ் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கினாள். கதவைத் தாண்ட நாலு எட்டு இருந்தது.

"வருது டாக்டர்," என்றான் கைராசி.

"என்ன?"

"கிணத்துக்கு வருது. கிடங்கு கழுவுற தண்ணி முழுக்க நான் தோண்டுன குழிக்குள்ளதான் போகுது. மூடாம விட்டுட்டேன். அது எங்க தங்கச்சி கிணத்துக்குத்தான் போகும். போர் போட்ட அன்னிக்கே தெரியும் எனக்கு."

ஆம்புலன்ஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து "போகலாங்களா?" என்றார். 

டாக்டர் குழந்தையை மறுபடி படுக்க வைத்தார். குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தாளில் எடுத்தார். அதைக் காற்றில் வீசி வீசிப் பார்த்தார். காற்றுப் பட்டால் ரத்தம் சிவக்க வேண்டும். இது சாக்லேட் நிறத்திலேயே கிடந்தது.

"இதயம் இல்ல," என்றார். "உர உப்பு ரத்தத்துல கலந்திருக்கு. அந்த ரத்தத்தால மூச்சைச் சுமக்க முடியாது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. சிஸ்டர், அந்த நீல மருந்து நம்மகிட்ட இருக்கா?"

நர்ஸ் அலமாரியைக் குடைந்தாள். மேல் தட்டில் இல்லை. கீழ்த் தட்டில் இல்லை. பெட்டிகளை எல்லாம் தரையில் இறக்கினாள். "ஒண்ணே ஒண்ணு இருக்கு டாக்டர்."

"தேதி?"

"இந்த மாசம் முடிய."

நீலமாய்ப் போன குழந்தைக்கு நீல நிறத்திலேயே மருந்து. பேனா மை மாதிரி இருந்தது. டாக்டர் எடையைக் கணக்குப் போட்டு, கை ஆடாமல், சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தைந்து. எண்பத்து மூன்றுக்கு இறங்கியது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "மருந்தோட நிறத்துக்கு அப்படிக் காட்டும், பயப்படாதீங்க," என்றார் டாக்டர். 

எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. பிறகு தொண்ணூற்று இரண்டு.

உதட்டின் ஓரத்தில் முதலில் நிறம் வந்தது. பிறகு காது மடலில். அரை மணி கழித்துக் குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டு அழுதது. நர்ஸ் அதோடு சேர்ந்து அழுதுவிட்டாள்.

"நாலு மணி நேரம் வண்டியில போயிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் கை கழுவப் போய்விட்டார்.

நடையில் தையல்காரர் கைராசியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவரே தைத்துக் கொடுத்த சட்டை அது. பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. அவர் பிடியை விட்டார். "போங்க மச்சான். என் கண் முன்னால நிக்காதீங்க," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கை பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சோமே அண்ணே."

"ம்."

"நான் சுண்டச் சுண்டக் காய்ச்சினேன். நல்லதுன்னு நெனச்சு, இந்தக் கையால கலந்து கலந்து ஊட்டினேன்."

"நீ என்னம்மா பண்ணுவ. எல்லாம் நான் பண்ணது." அவன் தரையில் குந்தி உட்கார்ந்தான். "இன்னிக்கே அந்தக் குழியை மூடிடறேன். ஜல்லி, களிமண், சிமெண்ட், எல்லாம் என் செலவு. வெளிய தெரிய வேணாம். நீங்க லாரித் தண்ணி வாங்கிக்குங்க. கிணறு தானா..."

"தானா?"

"தானா சரியாயிடும்."

"எத்தனை நாள்ல?"

அவன் செருப்பு வாரை இழுத்து விட்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன். பூமிக்குள்ள இருக்கறதெல்லாம் உனக்குத் தெரியுமே. எத்தனை நாள்?"

"நாள் கணக்கு இல்லம்மா. பத்து வருஷம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். தோண்டுறதுக்கு வண்டி இருக்கு. உள்ள போனதை வெளிய எடுக்கறதுக்கு ஒரு வண்டியும் கிடையாது."

"எங்க தெருவுல எங்களை விட்டுட்டுப் பதினோரு கிணறு இருக்கு."

"தெரியும்."

"எல்லாமே அந்த வெடிப்புதானா?"

அவன் தலை கவிழ்ந்தான்.

"மூணாவது வீட்டு டீச்சருக்கு அடுத்த வாரம் தேதி," என்றாள் அவள். "போ. நீயே போய் ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லு. யாரோ பண்ணாங்கன்னு சொல்லாத. நான் பண்ணேன்னு சொல்லு. அதுவரைக்கும் பாப்பாவைத் தொடாத."

அவன் முதலில் கிடங்குக்குப் போனான். கழுவும் குழாயைக் குழியிலிருந்து பிடுங்கி எறிந்தான். முதலாளி ஓடி வந்தார். "ஏங்க, வெளிய தெரிஞ்சா எனக்கு அபராதத்தோட போயிடும். உங்களை எவன் திரும்பக் கூப்பிடுவான்? இருபத்திரண்டு வருஷப் பேரு! நிதானமா யோசிங்க." கைராசி யோசித்தான்தான். யோசித்தபடியே களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் ஆளை அனுப்பிவிட்டுத் தெருவுக்குள் நடந்தான்.

மதியம் மூன்று மணி. மழை விட்ட வெயில். முதல் வீட்டுப் பெரியவர் கேட்டு முடிக்கும் முன்பே வாய்க்கு வந்தபடி ஏசிக் கதவைச் சாத்தினார். இரண்டாம் வீட்டுப் பெண் முழுதும் கேட்டாள். உள்ளே போய் நிறைகுடத்தை இழுத்து வந்து அவன் கால் அருகிலேயே வாசலில் கவிழ்த்தாள். நனைந்த செருப்போடு மூன்றாம் வீட்டுக்குப் போனான்.

டீச்சர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"அட, கைராசி அண்ணனா! வேர்த்துக் கொட்டுதே. உக்காருங்க, உக்காருங்க."

"இல்ல டீச்சர், ஒரு விஷயம்..."

"எல்லாம் பேசிக்கலாம். முதல்ல தண்ணி குடிங்க." உள்ளே போய் ஒரு தம்ளரோடு வந்தாள். "எங்க கிணத்துத் தண்ணிதான். உங்க தங்கச்சி சொல்லிக் கொடுத்த மாதிரி சுண்டக் காய்ச்சி ஆற வெச்சது. குழந்தை வரப் போகுதுல்ல, இப்பவே பழகிக்கிறேன்."

அவன் தம்ளரை வாங்கினான். தெளிந்த தண்ணீர். அடி தெரிந்தது. முகர்ந்தால் வாசனை இல்லை, குடித்தால் தித்திக்கும். பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒருவனால்தான் சொல்ல முடியும்.

"குடிங்க அண்ணே," என்றாள் அவள்.

அவன் குடிக்கவும் இல்லை, தம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், இதை நீங்க குடிக்கக் கூடாது. பொறக்கப் போற குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் என் தங்கச்சி வீட்டுக் கிணறு கொதிச்சுது..."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் ஒன்றையும் விடாமல் சொன்னான். தெருவில் இன்னும் எட்டு வீடு இருந்தது.